கூலி நாளை எண்ணுங்கள்: கலைப் படிப்பு தொடங்கும் முன் வட்டார வேலைக் கணக்கு எடுப்பது எப்படி

புதிய படிப்புக்கு அனுமதி கேட்கும் கோப்பில் ‘வேலைவாய்ப்புத் தேவை’ என்று ஒரு பக்கம் இருக்கும். பாடத்திட்டம், ஆசிரியர் பட்டியல், அறை அளவு எல்லாம் முடிந்த பிறகு, கோப்பு கிளம்பும் முந்தின இரவில் எழுதப்படும் பக்கம் அது. நானும் ஒருமுறை அப்படித்தான் எழுதினேன். இந்திய ஊடகத் துறையின் வளர்ச்சியைப் பற்றிய ஒரு பெரிய எண்ணை எடுத்தேன், அதை மக்கள்தொகை விகிதத்தால் வகுத்தேன், எங்கள் மாவட்டத்துக்கு இத்தனை வேலை வரும் என்று முடித்தேன். அனுமதி கிடைத்தது. 60 இடமும் நிரம்பியது.

முதல் அணி வெளியேறி இரண்டு வருடம் கழித்து, தீபாவளிக்குப் புடவை எடுக்கக் கும்பகோணம் கடைத்தெருவுக்குப் போனேன். என் வகுப்பிலேயே கோடு மிக நேர்த்தியாக விழும் கை உள்ள பெண், பட்டுப் பிரிவில் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். “வாங்க மேடம், உக்காருங்க” என்று தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். கடை வேலையில் குறை எதுவும் இல்லை. ஆனால் அந்த வேலைக்கு மூன்று வருடக் கட்டணமும் பேருந்துக் காசும் அவள் அப்பா கட்டியிருக்கத் தேவையில்லை. அவர் கட்டியதற்குக் காரணம் நான் எழுதிய ஒரு பக்கம்.

அந்தப் பக்கத்தை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று பிறகு மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டேன். என் வட்டாரம் காவிரி டெல்டா, அதிலும் கும்பகோணத்தைச் சுற்றிய பகுதி. உதாரணங்கள் எல்லாம் அங்கிருந்துதான் வரும். முறையை உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் வட்டாரம் எதுவென்று முடிவு செய்யுங்கள்

மாவட்ட எல்லையை அப்படியே வட்டாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் கல்லூரிக்குப் பிள்ளைகள் தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர், அரியலூர் என்று நான்கு மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். வேலையும் அப்படித்தான் சிதறிக் கிடக்கிறது. சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை, நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு, திருபுவனத்தில் பட்டு, ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிறார்கள். தஞ்சாவூரில் வீணை, ஓவியம், தலையாட்டிப் பொம்மை, கலைத்தட்டு, நெட்டி வேலை. பேருந்தில் காலையில் போய் இரவு வீடு திரும்பக்கூடிய தூரத்தை ஒரு வட்டமாகப் போடுங்கள். அது முதல் வட்டம். இரண்டாவது வட்டம், உங்கள் பிள்ளைகள் உண்மையிலேயே குடிபெயரும் ஊர்கள். எங்களுக்கு அது சென்னை, திருச்சி, கோயம்புத்தூர். நாதஸ்வரமும் தவிலும் வாசிப்பவர்களுக்குச் சிங்கப்பூர், மலேசியக் கோயில்களும் உண்டு. இரண்டு வட்டத்துக்கும் கணக்கைத் தனித்தனியாக எழுதுங்கள். கலந்தால் சென்னையின் எண் உள்ளூரின் எண்ணை விழுங்கிவிடும்.

இதில் ஒரு குழி இருக்கிறது. மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020-ல். அதற்கு முந்தைய புள்ளிவிவரத்தில் அந்த ஊர்கள் நாகப்பட்டினத்துக்குள் இருக்கும். 2011-ஐயும் இன்றையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாகப்பட்டினத்தில் கலைஞர்கள் திடீரென்று குறைந்ததுபோல் தெரியும். மாவட்டம் பிரிந்ததால் வந்த மாற்றம் அது.

நம் ஆட்கள் எந்தக் குறியீட்டில் இருக்கிறார்கள்

அரசுப் புள்ளிவிவரம் தொழில்களை இரண்டு வகையில் பிரிக்கிறது. நிறுவனம் என்ன செய்கிறது என்பதற்கு என்.ஐ.சி. 2008 குறியீடு. ஆள் என்ன வேலை செய்கிறார் என்பதற்கு என்.சி.ஓ. 2015 குறியீடு. ‘கலை, கேளிக்கை’ என்றால் என்.ஐ.சி.யில் 90-ஆம் பிரிவு, நூலகமும் அருங்காட்சியகமும் 91. புதிதாகக் கணக்கெடுப்பவர்கள் இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, எங்கள் ஊரில் கலை வேலையே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள்.

கும்பகோணத்தைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பாருங்கள். சுவாமிமலைச் சிலை வார்ப்பவர் உலோக வார்ப்பு உற்பத்திக்குள் போய்விடுவார். இரும்பற்ற உலோக வார்ப்புக்கு 2432. நாதஸ்வரமும் வீணையும் செய்பவர் இசைக்கருவி உற்பத்தியில், 3220. கோயிலில் சம்பளத்துக்கு வாசிக்கும் நாதஸ்வரக்காரருக்குச் சம்பளம் கொடுப்பது சமய நிறுவனம், அது 9491. வீட்டு மாடியில் பரதம் சொல்லிக்கொடுக்கும் அக்கா பண்பாட்டுக் கல்வியில், 8542. கல்யாணப் புகைப்படக்காரர் 7420. இவர்களில் ஒருவரும் 90-இல் வரமாட்டார்கள்.

ஆகவே ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் நிறுவன வகை, மேலே வேலை வகை. என்.சி.ஓ.வில் 265 படைப்பு, நிகழ்த்து கலைஞர்கள். 262 நூலகர், ஆவணக் காப்பாளர், அருங்காட்சியகக் காப்பாளர். 343-க்குள் புகைப்படக்காரர் வருவார். 731 கைவினைஞர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் ஊரில் உண்மையாக யாராவது இருக்கிறார்களா என்று நிரப்புங்கள். கலை நிறுவனத்தில் கலை வேலை செய்பவர், கலை நிறுவனத்தில் கணக்கு எழுதுபவர், பட்டுக் கடையிலோ அச்சகத்திலோ கலை வேலை செய்பவர் என்று மூன்று கூட்டம் பிரிந்து வரும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு வழி அதிகமாகத் திறப்பது மூன்றாவது கூட்டத்தில்தான். திருபுவனத்துப் பட்டில் ஜக்கார்டு தறிக்கு வடிவம் போடுபவர், அச்சகத்தில் அழைப்பிதழ் வடிவமைப்பவர், கல்யாண ஆல்பம் கோப்பவர் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அரசுத் தரவு எதற்கு உதவும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக நடந்தது 2011-ல். அடுத்ததின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. 2011 எண்ணை அடித்தளமாக வைக்கலாம், அதற்கு மேல் நம்பக்கூடாது. 2017-ல் தொடங்கிய பி.எல்.எஃப்.எஸ். என்ற உழைப்பாளர் ஆய்வு மாநில அளவில் திசை காட்டும். ஒரு மாவட்டத்தின் இசைக் கலைஞர்களைப் பற்றி அதில் கேட்டால், மாதிரியில் சிக்கியவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே இருப்பார்கள். அதை வைத்துப் படிப்பு தொடங்க முடியாது. 2013-14-ல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு கைவினை, கைத்தறி நிறுவனங்களைத் தனியாகக் குறித்திருக்கிறது. பழையதுதான், ஆனாலும் எந்த ஊரில் எது குவிந்திருக்கிறது என்று பார்க்க நல்லது. 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் என்ற குறு, சிறு தொழில் பதிவு என்.ஐ.சி. குறியீட்டோடு வருகிறது. கடன் வாங்குவதற்காகப் பதிந்தவர்கள் அதில் அதிகம் என்பதை மனதில் வையுங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடு, வேலை தேடுபவர்கள் எத்தனை பேர் என்று சொல்லும். தேவை எவ்வளவு என்று சொல்லாது. இணைய விளம்பரங்களை எண்ணும் முறையும் எங்கள் வட்டாரத்துக்குப் பொருந்தவில்லை. விளக்குப் பட்டறைக்காரர் ஆள் தேடி விளம்பரம் கொடுத்து நான் பார்த்ததில்லை. மச்சானிடம் சொல்வார், மச்சான் ஆளைக் கூட்டி வருவார்.

பட்டறைக்குப் போய் எப்படிக் கேட்பது

இந்தப் பகுதிக்குத்தான் நேரம் ஒதுக்குங்கள். மொத்த வேலையில் முக்கால் பங்கு இதற்கே போகட்டும்.

என் அப்பா நாச்சியார்கோவிலில் விளக்குக்கு மெருகு போட்டவர். அதனால் பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கே உட்கார வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் முதல் தடவை கேட்ட கேள்வி தப்பாகிவிட்டது. “அண்ணே, படிச்ச பிள்ளைங்க வந்தா வேலைக்கு எடுத்துப்பீங்களா?” என்று கேட்டேன். “தாராளமா டீச்சர், நல்ல பிள்ளையா இருந்தா எடுத்துக்க வேண்டியதுதானே” என்றார். பன்னிரண்டு பட்டறைகளில் பன்னிரண்டு பேரும் இதையேதான் சொன்னார்கள். வீடு தேடி வந்த டீச்சரிடம் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார்கள். அந்தப் பன்னிரண்டு ‘ஆமாம்’களையும் தேவை என்று எழுதினால் கணக்கு அங்கேயே பொய்யாகிவிடும்.

இப்போது எதிர்காலத்தைக் கேட்பதே இல்லை. நடந்து முடிந்ததை மட்டும் கேட்கிறேன்.

“போன மாசி மாசம் எத்தனை பேருக்குக் கூலி குடுத்தீங்க? ஒவ்வொருத்தருக்கும் எத்தனை நாள்?” இந்தக் கேள்விக்குப் பதில் வாயில் இருக்காது, கூலி நோட்டில் இருக்கும். உள்ளே போய் நோட்டை எடுத்து வருவார்கள். அந்த நோட்டுதான் உங்களுக்கு வேண்டிய தரவு. படம் எடுக்க வேண்டாம். பார்த்து எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம்.

“உங்ககிட்ட வேலை பாக்குறவங்கள்ல ஐம்பது வயசு தாண்டினவங்க எத்தனை பேர்?” இதிலிருந்து இன்னும் பத்து வருடத்தில் யார் ஓய்வு பெறுவார்கள் என்று தெரியும்.

“மூணு வருஷத்துல வேலையை விட்டுட்டுப் போனவங்க எத்தனை பேர், எங்கே போனாங்க?” எங்கே போனார்கள் என்பதை விடாமல் கேளுங்கள். திருப்பூருக்குப் போனார்களா, வளைகுடாவுக்குப் போனார்களா, சொந்தப் பட்டறை போட்டார்களா என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும்.

“ஆள் இல்லாம திருப்பி அனுப்பின வேலை ஏதாவது உண்டா?” இது என் மனதுக்கு நெருக்கமான கேள்வி. இதற்குத்தான் எதிர்பாராத விடைகள் வரும். சிலை வார்க்கும் ஒருவர், வார்க்க ஆள் இல்லாமல் தான் எந்த வேலையையும் திருப்பியதில்லை என்றார். மெழுகு பிடிக்கவும் வண்டல் மண் பூசவும் வீட்டிலேயே மூன்று தலைமுறை இருக்கிறது. அவர் திருப்பியது வெளிநாட்டு ஆர்டரை. “அளவு, எடை, நாலு பக்கம் போட்டோ, எழுத்து வேலை எல்லாம் கேக்குறாங்க டீச்சர். நான் உளி பிடிப்பேனா, இதைப் பாப்பேனா?” என்றார்.

அவர் சொன்னதற்குச் சட்டக் காரணம் உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொன்மைப் பொருள்கள் சட்டப்படி நூறு வருடம் கடந்த சிலையைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. புதுச் சிலையும் பார்வைக்குப் பழசுபோல் இருக்கும் என்பதால், இது தொன்மைப் பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்றை வாங்கித்தான் அனுப்ப முடியும். அதற்குப் படமும் விவரக் குறிப்பும் ஒழுங்காக இருக்க வேண்டும். சிற்ப இலக்கணம் ஓரளவு தெரிந்து, நல்ல படம் எடுத்து, ஆங்கிலத்தில் நாலு வரி பிழையின்றி எழுதக்கூடிய ஆள் அவருக்குத் தேவை. மாதம் முழுக்கத் தேவையில்லை, மாதத்தில் நாலைந்து நாள் போதும். எந்தப் புள்ளிவிவரத்திலும் இந்த வேலைக்குப் பெயர் இல்லை. நான் அதை மேசை வேலை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு எல்லா இடத்திலும் மேசை வேலையைத் தேடினேன். கோயில்களில் உற்சவர் திருமேனிகளைப் படமெடுத்துப் பதிவு செய்வது, நூலகத்தில் சுவடியை மின்னுருவாக்குவது, பட்டுக்குப் பழைய கரை வடிவத்தைக் கணினியில் ஏற்றுவது, நடனப் பள்ளிக்கு அரங்கேற்ற ஏற்பாடு பார்ப்பது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்து வைத்த கோயில் படங்கள்தான், திருடுபோன சிலைகள் நம்முடையவை என்று நிரூபிக்கக் கைகொடுத்தன. ஒரு படமும் ஒரு பதிவேடும் எவ்வளவு பெரிய வேலை என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்? ஒவ்வொரு தொழிலிலும் பெரியது, நடுத்தரம், வீட்டோடு இருப்பது என்று மூன்று அளவிலும் பாருங்கள். புதுப் பதில் வருவது நிற்கும்வரை போங்கள். பெண்களைத் தனியாகக் கேளுங்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் கல் பதிப்பதும் பொம்மைக்கு வண்ணம் தீட்டுவதும் வீட்டுப் பெண்கள் பலருடைய வேலை. ‘எத்தனை பேர் வேலை செய்யறீங்க’ என்று ஆணிடம் கேட்டால் அந்தப் பெண்களை அவர் எண்ணமாட்டார்.

பன்னிரண்டு கட்டம்

கலைத் தொழிலில் ‘வேலை’ என்பதை அலகாக வைத்தால் கணக்கு நிற்காது. ஒருவர் மூன்று இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் செய்வார், ஒரு மாதம் ஓய்வே இருக்காது, அடுத்த மாதம் வேலையே இருக்காது. கூலி நாளை அலகாக வையுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாள் கூலி கிடைத்தால் ஒன்று. யார் கொடுத்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

தாளில் சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டம் போடுங்கள். ஆங்கில மாதம் போட்டால் வேலை எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பது குழம்பிவிடும், ஏனென்றால் எங்கள் வட்டாரக் கலைக்குக் கூலி கொடுப்பது முகூர்த்தமும் திருவிழாவும். மங்கல இசைக்கும் புகைப்படக்காரருக்கும் வைகாசி, ஆவணி, தை ஆகியவை நிரம்பி வழியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அதே ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்களால் கரகம், பறை, நையாண்டி மேளக்காரர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. மார்கழியில் கர்நாடக இசைக்காரர்கள் சென்னையில் இருப்பார்கள். தியாகராஜர் ஆராதனை நாட்களில் எல்லார் கண்ணும் திருவையாற்றில். விளக்குப் பட்டறைக்குக் கார்த்திகைக்கு முந்தைய மாதங்கள் கனம்.

இந்தத் தாளைச் சுவரில் ஒட்டிப் பார்த்தால், எந்த இரண்டு திறமை ஒரே ஆளிடம் இருந்தால் வருடம் முழுக்கக் கூலி வரும் என்பது கண்ணுக்குத் தெரியும். கல்யாண மாதங்களில் ஒளிப்பதிவு, மற்ற மாதங்களில் கோயில், பட்டறை ஆவணப் படம். இதைப் பார்த்துத்தான் எங்கள் பாடத்திட்டத்தில் எந்தத் தாளை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்தோம்.

கணக்கு போடும் விதம்

கீழே வரும் எண்கள் முறை புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்ணை நீங்கள்தான் நடந்து எடுக்க வேண்டும்.

ஒரு ஊரில் 40 பட்டறை, ஒவ்வொன்றிலும் 5 பேர், ஆக 200 பேர் என்று வைப்போம். ஐம்பது தாண்டியவர்கள் 60 பேர். பத்து வருடத்தில் அவர்கள் விலகினால் வருடத்துக்கு 6 இடம். மூன்று வருடத்தில் 12 பேர் வேறு தொழிலுக்குப் போயிருந்தால் வருடத்துக்கு 4. இது ஈடு செய்யும் தேவை, மொத்தம் 10. திருப்பி அனுப்பிய ஆர்டர்களைக் கூலி நாளாக மாற்றினால் வருடத்துக்கு 1,000 நாள் என்று வைப்போம். ஒருவருக்கு 250 நாள் என்றால் 4 பேர். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இந்த 4 ஒவ்வொரு வருடமும் புதிதாக வருவதில்லை. ஒருமுறை நான்கு பேர் சேர்ந்துவிட்டால் அந்த இடம் நிரம்பிவிடும். நான்கு வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 1. ஆக மொத்தத் தேவை 11.

இனிக் கழிக்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகளும் உறவுக்காரப் பையன்களும் வருடத்துக்கு 8 பேர் தொழிலுக்கு வந்தால், மிச்சம் 3. இந்த மூன்றுக்கும் வேறு யார் பயிற்சி தருகிறார்கள் என்று பாருங்கள். கும்பகோணத்திலேயே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய சிற்பக் கல்லூரி இருக்கிறது. இசைக்குத் திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி, மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகள், அறநிலையத் துறையின் நாதஸ்வர, தவில், ஓதுவார் பயிற்சிப் பள்ளிகள். அவர்களுடைய இருக்கைகளைக் கழித்த பிறகு உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். அப்போது அந்தப் படிப்பைத் தொடங்காமல் இருப்பதுதான் சரியான முடிவு.

மேசை வேலையைத் தனியாகப் போடுங்கள். அதே 40-இல் 25 பட்டறைக்கு மாதம் 4 நாள் ஆள் வேண்டும் என்றால் 100 நாள். 25 நாள் உழைக்கும் ஒருவர் ஆறு பட்டறையைப் பார்த்துக்கொள்வார், ஆக 4 பேருக்கு வாழ்க்கை உண்டு. இந்த ஒரு தொழில் ஒரு படிப்பைத் தாங்காது. விளக்கு, பட்டு, இசைக்கருவி, கோயில், நூலகம், கல்யாணம் என்று ஆறேழு தொழிலின் மேசை வேலையையும் கூட்டினால் 15 அல்லது 20 பேர் கொண்ட ஒரு சான்றிதழ்ப் படிப்பைத் தாங்கும். மூன்று வருடப் பட்டம் தொடங்க நினைத்துப் போனவர்கள் நாங்கள். இந்தக் கூட்டலுக்குப் பிறகு வரலாறு, தமிழ், வணிகவியல் மாணவர்கள் எடுத்துக்கொள்ளும் ஒரு வருடச் சான்றிதழாக மாற்றிக்கொண்டோம். கல்லூரியில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. இருக்கை குறைந்தால் பணியிடமும் குறையும் என்ற அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கவலையைப் பிள்ளைகள் தலையில் வைக்கக் கூடாது.

நாளை எண்ணியபின் அதன் பெறுமதியையும் பாருங்கள். எங்கள் அளவுகோல் ஜவுளிக்கடைச் சம்பளம். அதே பிள்ளை படிக்காமலே கடைத்தெருவில் ஒரு மாதத்துக்கு என்ன வாங்குவாளோ அதைக் கோடாகக் கிழித்துக்கொள்வோம். கூலி நாளைக் கூலியால் பெருக்கி, அலைச்சல் செலவைக் கழித்து வருவது கோட்டுக்குக் கீழே இருந்தால் அந்த வேலையைத் தேவைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அது ஆசைக்குச் செய்யும் கலை. அதற்கு மாலை வகுப்பு நடத்தலாம்.

ஒருமுறை வரும் அலை

கும்பகோணத்துக்கு மகாமகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 2004, 2016, அடுத்தது 2028. அதற்கு முந்தைய இரண்டு மூன்று வருடம் கோயில்களில் திருப்பணி பெருகும். சுதைச் சிற்பி, கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுபவர், கல் வேலைக்காரர், ஒளிப்பதிவாளர், வழிகாட்டி எல்லாருக்கும் கிராக்கி வரும். அந்த நேரத்தில் கணக்கெடுத்தால் ஊரே கலைஞர்களுக்காக ஏங்குவதுபோல் இருக்கும். 2027-ல் சேரும் பிள்ளை மூன்று வருடம் படித்து வெளியே வருவது 2030-ல். அலை ஓய்ந்திருக்கும். அலைக்கு ஆறு மாதக் குறும்பயிற்சி போதும்.

கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது மரபு. அதையும் நம்பிக் கணக்குப் போட முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் 1997-க்குப் பிறகு 2020 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் இருபத்துமூன்று வருடம்.

அரசு வேலையும் அலைதான். 2012-ல் தமிழகப் பள்ளிகளில் ஓவியம், இசை, உடற்கல்வி, கணினி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் எடுக்கப்பட்டார்கள். தொடக்கத் தொகுப்பூதியம் மாதம் ₹5,000. அந்த ஒரு வருடத்தை வைத்துக் கோடு நீட்டினால் ஓவிய ஆசிரியர் தேவை வானத்தைத் தொடும். அந்தச் சம்பளத்தையும் சேர்த்து எழுதினால் அதே கோடு வேறு கதை சொல்லும். கோயில் பணியிட விளம்பரங்களும் இப்படித்தான். கடைசிப் பத்து வருடத்து விளம்பரங்களைச் சேர்த்து, வருடச் சராசரியாக மாற்றி மட்டும் பயன்படுத்துங்கள்.

இதனால்தான் ஒரே எண்ணை எழுதக் கூடாது. குறைந்தது, நடு, அதிகம் என்று மூன்றை எழுதி, ஒவ்வொன்றும் எது நடந்தால் உண்மையாகும் என்று ஒரு வரி எழுதுங்கள். செம்பு, பித்தளை, தங்கத் தகடு விலை ஏறினால் சிலை, விளக்கு, ஓவியம் மூன்றிலும் ஆர்டர் குறையும். ஆல்பம் கோப்பதும் சுவரொட்டி வடிவமைப்பதும் செயற்கை நுண்ணறிவால் குறையும் என்றே நான் எழுதியிருக்கிறேன். எங்கள் ஊர் ஸ்டுடியோக்களில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்த வேலை இப்போதே சில மணி நேரத்தில் முடிகிறது. நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம் கிடைப்பது அருகிவிட்டது, பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் மரத்தையே தேடுகிறார்கள். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு 2022-ல் கிடைத்தது நல்ல செய்தி. குறியீடு வந்ததற்காக எண்ணை ஏற்றிவிடாதீர்கள். அடுத்த இரண்டு வருடத்துக் கூலி நோட்டைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். இருக்கை எண்ணிக்கையை மட்டும் எப்போதும் குறைந்த எண்ணுக்கு வையுங்கள்.

கோப்பு போன பிறகு

கணக்கு சரியா என்று சோதிக்க ஒரே வழி பழைய மாணவர்களைக் கூப்பிடுவது. படிப்பு முடிந்து ஒரு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம் ஆனதும் கூப்பிடுங்கள். ‘வேலையில் இருக்கிறாயா’ என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறேன் என்பார்கள். மூன்று கேள்வி போதும்: போன மாதம் எத்தனை நாள் கூலி வந்தது, யார் கொடுத்தார்கள், படித்ததில் எது பயன்பட்டது. ஒரு நீளப் பதிவேட்டில் எழுதி, நீங்கள் போட்ட கணக்கை அதன் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதுங்கள். ஒவ்வொரு வருடமும் சேர்க்கை தொடங்கும் முன் பாடத்திட்டக் குழுவில் அந்தப் பதிவேட்டை மேசை மேல் திறந்து வையுங்கள்.

எங்கள் பதிவேட்டின் முதல் வரிக்கு நான் கூப்பிட்டது பட்டுப் பிரிவில் பார்த்த அந்தப் பெண்ணைத்தான். கடை சாத்தும் நேரம். “இருபத்தாறு நாள் மேடம்” என்றாள். கொடுத்தவர்: ஜவுளிக்கடை. படித்ததில் எது பயன்பட்டது என்று கேட்டதும் கொஞ்சம் யோசித்தாள். “கஸ்டமர் நிறத்துக்கு எந்தக் கரை எடுப்பா இருக்கும்னு பாத்தவுடனே தெரியுது. அதான் என்னைப் பட்டுக்கு மாத்தினாங்க” என்றாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே மூன்றாவது கட்டத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் சிவப்பு மையில் என் பழைய கணக்கும் இருக்கிறது.